ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீரங்கப்பட்டணம் உண்மையிலேயே தீவா? பஸ்ஸில் போகும்போது அப்படித் தெரியவில்லையே?

தீவுதான். மைசூருக்கு வடக்கே 16 கிலோமீட்டரில் காவிரி இரண்டாகப் பிரிந்து, சுமார் 5 கிலோமீட்டர் கிழக்கே ஓடி, மறுபடி ஒன்றுசேர்கிறது. நடுவில் நிற்கும் நிலம்தான் ஊர். இரண்டு பக்கமும் பாலம் இருப்பதால் பஸ்ஸில் கண்ணயர்ந்தவருக்கு ஆற்றைக் கடந்ததே தெரியாது. ரயிலில் வந்தால் இரண்டு பாலத்தின் தடதட சத்தமும் தனித்தனியாகக் கேட்கும்.

தீவின் மேற்கு முனையில் கோட்டை, நடுவில் தரியா தௌலத் மாளிகை, கிழக்கே கும்பஸ் என்ற கல்லறை மாளிகை, கடைக்கோடியில் ஆறு கூடும் சங்கமம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி. காலையில் மேற்கில் தொடங்கி, மாலையில் கிழக்கில் முடிக்க வேண்டும். வந்த வழியே திரும்பித் திரும்பி ஆட்டோவுக்குக் காசு கொடுப்பவர்கள் எல்லாம் இந்த வரிசையைக் கலைத்தவர்கள்.

மைசூர் டூர் வண்டியிலேயே இந்த ஊரையும் காட்டுகிறார்களே, அது போதாதா?

போதாது. அந்த வண்டிகள் சாமுண்டி மலை, அரண்மனை எல்லாம் முடித்துவிட்டு, பிருந்தாவன் தோட்டத்தின் மாலை நீரூற்றுக்குப் போகிற வழியில் இங்கே நிறுத்தும். ஒரு கோயில், ஒரு மாளிகை, கிளம்பு என்பார்கள். தரியா தௌலத் சுவர் ஓவியத்தை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே முக்கால் மணி நேரம் வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் சிறை, நீர்வாசல், மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1799 போரில் விழுந்த இடம் இவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? எந்த வரிசையில் பார்ப்பது?

காலை 8 மணிக்கு ஊருக்குள் இருந்தால் மாலை 5.30-க்குத் தாராளமாக முடியும்.

முதலில் ரங்கநாதர் கோயில். அது நடுப்பகலில் சாத்தப்படும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். அடுத்து வடக்கு மதிலோரம் இருக்கும் கர்னல் பெய்லி சிறை, நீர்வாசல், திப்புவின் உடல் கிடைத்த இடம். அங்கிருந்து கிழக்கே நடந்தால் ஜாமியா மசூதி. கோட்டைக்குள் மொத்தம் 3 கிலோமீட்டர் நடை, இரண்டரை மணி நேரம். வெயில் ஏறும் 11 மணி வாக்கில் தரியா தௌலத்துக்குப் போய்விட்டால் தோட்டமும் கூரையும் நிழல் கொடுக்கும். மதியச் சாப்பாடு. 2.30-க்குக் கும்பஸ், 4 மணிக்கு நிமிஷாம்பா கோயில், 5 மணிக்குச் சங்கமம்.

வெள்ளிக்கிழமை என்றால் ஒரு சின்ன மாற்றம்: மசூதியில் நண்பகல் தொழுகைக் கூட்டம் இருக்கும், 11 மணிக்குள் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்த ரயிலில் வருவது?

சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி விடியற்காலையில் மைசூர் சேரும், ஒருநாள் பயணத்துக்கு இதுதான் வசதி. மயிலாடுதுறை, தூத்துக்குடியிலிருந்தும் மைசூருக்கு நேர் ரயில் உண்டு. பெங்களூர் வழியாக வரும் ரயில்கள் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டித்தான் மைசூர் போகும், ஆனால் எல்லாம் இங்கே நிற்காது. முன்பதிவு செய்யும்போது நிறுத்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் குறியீடு 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து. முழுப் பெயரை அடித்தால் எழுத்துக்கூட்டலில் குழப்பம் வரும், அந்த ஓர் எழுத்தை அடித்தால் போதும்.

உங்கள் ரயில் நிற்காவிட்டாலும் கவலை இல்லை. மைசூரில் இறங்கி, பெட்டிகளை அங்கே கிளோக் ரூமில் போட்டுவிட்டு, பெங்களூர்ப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் இருபது நிமிடம். நிலையம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போகலாம். கோட்டையை ஊடுருவிக்கொண்டு தண்டவாளம் போட்ட ஊர்கள் அதிகமில்லை.

பஸ், சொந்தக் கார்?

மைசூர் நகரப் பேருந்து நிலையத்திலிருந்தும் புறநகர் நிலையத்திலிருந்தும் அடிக்கடி பஸ் இருக்கிறது. பெங்களூர் போகும் நிறுத்தமில்லாப் பேருந்தில் ஏறிவிடாதீர்கள், அது புறவழிச் சாலையில் பறந்துவிடும். ஏறுவதற்கு முன் "ஸ்ரீரங்கபட்டணா ஹோகுத்தா?" என்று கேளுங்கள். "ஹோகுத்தே" என்றால் போகும், "ஹோகல்ல" என்றால் போகாது.

காரில் பெங்களூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் செய்யும் தவறும் இதேதான். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச்சாலை ஊருக்குள் நுழைவதில்லை. கணங்கூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, ஸ்ரீரங்கப்பட்டணப் பிரிவுப் பலகையைப் பார்த்து இறங்க வேண்டும். விட்டுவிட்டால் மைசூர்ப் பக்கம் போய்த்தான் திரும்ப முடியும். பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்கு 2023 ஆகஸ்ட் முதல் விரைவுச்சாலையின் நடுத்தடத்தில் அனுமதி இல்லை. பைக்கில் வருபவர்கள் பக்கவாட்டுச் சாலையிலேயே வரவேண்டும்.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது? ஆட்டோக்காரர்கள் ஏமாற்றுவார்களா?

கோட்டைக்குள் நடை. வெளியே ஆட்டோ. மசூதியிலிருந்து தரியா தௌலத் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து கும்பஸ் சுமார் இரண்டு, சங்கமம் அதற்கும் அப்பால். சாலை சமதளம் என்பதால் சைக்கிள் கிடைத்தால் அதைவிடச் சுகம் இல்லை.

ஆட்டோ பேசும்போது "எல்லா இடமும்" என்று சொல்லிப் பேசாதீர்கள். ஓட்டுநரின் 'எல்லா இடமும்' நான்கு, உங்களுடையது ஏழு, சண்டை அங்கேதான் தொடங்கும். இடங்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள்: தரியா தௌலத், கும்பஸ், நிமிஷாம்பா, சங்கமம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், கடைசியில் எங்கே இறக்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டு, அப்புறம் "எஷ்டு?" (எவ்வளவு?) என்று கேளுங்கள். தமிழ் ஓரளவு எல்லோருக்கும் புரியும், ஆனாலும் நாலு கன்னட வார்த்தை பேசினால் முகம் மலரும்.

ரங்கநாதர் கோயில் எப்போது திறந்திருக்கும்? நம் ஸ்ரீரங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காலை 7.30 முதல் பகல் 1 மணி வரை, மாலை 4 முதல் 8 வரை என்பது வழக்கமான நேரம். விழா நாளில் மாறும். வைகுண்ட ஏகாதசி, ரத சப்தமி நாட்களில் ஊரே நிரம்பியிருக்கும், வரலாறு பார்க்க வருபவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

காவிரி மூன்று இடங்களில் தீவை உண்டாக்கி, மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். இது ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், திருச்சி ஸ்ரீரங்கம் அந்த்யரங்கம். மூன்றையும் ஒரே நாளில் சேவிப்பது விசேஷம் என்ற நம்பிக்கை இருப்பதால் இங்கே விடியற்காலையில் தமிழ்நாட்டுப் பதிவெண் வேன்களைப் பார்க்கலாம். ஒரு யோசனை: அந்தச் சேவையை ஒரு பயணமாகவும், ஊர் பார்ப்பதை இன்னொரு பயணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் மூன்று கோயில் வாசலும் ஒரு வேன் ஜன்னலும்தான் மிஞ்சும்.

கங்கர் காலத்தில் தொடங்கிய கோயில், பிறகு ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூர் உடையார்கள் கைவண்ணத்தில் வளர்ந்தது. மூலவரின் காலடியில் காவிரித்தாய் அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் முதல் வித்தியாசம். திப்புவின் அரண்மனை இந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கோயிலுக்கு அவர் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் இருந்தன என்பது பதிவான செய்தி. அரண்மனை இன்று அடித்தளம் மட்டும். கோயில் நிற்கிறது.

கர்னல் பெய்லி யார்? அவர் சிறையில் பார்க்க என்ன இருக்கிறது?

காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதை அடுத்த ஊர்க் கதை. 1780 செப்டம்பர் 10-ல் புள்ளலூரில், ஆங்கிலேயர் எழுத்தில் 'பொல்லிலூர்', பெய்லி தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். காஞ்சிபுரத்தில் பெரும்படையுடன் இருந்த ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பிடிபட்டவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். பெய்லி 1782-ல் சிறையிலேயே இறந்தார்.

கட்டடம் தரைமட்டத்துக்குக் கீழே, வடக்கு மதிலை ஒட்டி. ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், செங்கல் வளைவுக் கூரை, வெள்ளைச் சுண்ணாம்பு. படியில் இறங்கும்போதே காற்று குளிர்ந்துவிடும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகளில் துளைகள் இருக்கின்றன. கைதியின் இரண்டு கையையும் விரித்துச் சங்கிலி போடுவதற்கானவை. ஒரு பலகைக்கும் எதிரே உள்ள பலகைக்கும் நடுவில் நீங்களே நின்று கையை விரித்துப் பாருங்கள், விளக்கப் பலகையைப் படிக்கத் தேவை இருக்காது. தரையில் ஒரு பீரங்கி கிடக்கும். 1799 முற்றுகையின்போது மேலே மதிலிலிருந்து கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது என்று சொல்கிறார்கள்.

இங்கே சொல்லவேண்டிய இன்னொரு பெயர் டேவிட் பேர்ட். புள்ளலூரில் பிடிபட்டு இந்த ஊரில் மூன்றரை ஆண்டுக்கு மேல் கைதியாகக் கிடந்த அதே மனிதர், 1799-ல் கோட்டையை உடைத்து நுழைந்த படைக்குத் தலைமை தாங்கினார்.

1799-ல் கோட்டை எப்படி விழுந்தது? அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும், கொஞ்சம் நடக்க வேண்டும். கோட்டையின் வடமேற்கு மூலைக்குப் போங்கள். 1907-ல் மைசூர் அரசு எழுப்பிய கூம்புத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் மேடையில் ஏறி ஆற்றைப் பார்த்தால் கேள்விக்கு ஆறே பதில் சொல்லும்.

தீவுக்குக் காவல் தண்ணீர்தான். மழைக்காலத்தில் காவிரி கரைபுரண்டால் எந்தப் படையாலும் கடக்க முடியாது. 1792-ல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வந்து நிபந்தனை விதித்துவிட்டுப் போனதிலிருந்து, அடுத்த முற்றுகையும் வெயில் காலத்தில்தான் வரும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. குடகில் மழை தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்று ஆங்கிலப் படை அவசரப்பட்டது. மதிலில் உடைப்பு உண்டாக்கி, மே 4 நண்பகல் கழிந்து, காவலர்கள் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் ஒதுங்கும் நேரத்தில், பாறையும் முழங்கால் தண்ணீருமாகக் கிடந்த ஆற்றை இறங்கிக் கடந்து ஏறினார்கள். இன்னும் சில வாரம் திப்பு தாக்குப்பிடித்திருந்தால் ஆறு அவர் பக்கம் நின்றிருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் வருபவர்களுக்கு வெயில் தண்டனைதான், ஆனால் படை கடந்த ஆற்றைப் படை கண்ட கோலத்திலேயே பார்க்கக் கிடைப்பது அப்போது மட்டும்தான்.

அமைச்சர் மீர் சாதிக் காட்டிக்கொடுத்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. வழிகாட்டிகள் அதை நீர்வாசல் அருகே நின்று உணர்ச்சியோடு சொல்வார்கள். நீர்வாசல் என்பது மதிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வளைவு வழி. "திப்பு சுல்தானின் உடல் இங்கே கிடைத்தது" என்று பொறித்த கல் வேறு இடத்தில், சின்னக் கம்பி வேலிக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒன்றைப் பார்க்காமல் போகிறவர்கள் நிறைய.

ரயில் பாதைக்காக ஒரு கட்டடத்தையே நகர்த்தினார்களாமே?

ஆமாம். பெங்களூர்–மைசூர் இருவழிப் பாதை வேலைக்குத் திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. இடிக்கக் கூடாது என்பதால் 2017 மார்ச்சில் செங்கல்லும் சுண்ணாம்பும் சிதறாமல் அடியோடு தூக்கி, நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தார்கள். பார்க்க ஒரு சாதாரண அரைவட்டக் கூரைக் கட்டடம், கதை தெரிந்தால்தான் சுவை.

தரியா தௌலத்துக்குக் கட்டணம் உண்டா? இலங்கையிலிருந்து வருபவர்கள் வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டுமா?

தொல்லியல் துறையின் சீட்டு இந்தியர்களுக்கு 25 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 20. வெளிநாட்டவருக்கு 300, இணையத்தில் 250. சார்க், பிம்ஸ்டெக் நாட்டவர்களுக்கு இந்தியர் கட்டணமே. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதைக் காட்டி 25 ரூபாய்ச் சீட்டே வாங்கலாம். கவுன்ட்டரில் தெரியாமல் 300 கேட்டால் பலகையைச் சுட்டிக்காட்டுங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. காலை 9 முதல் மாலை 5 வரை. கட்டணம் அவ்வப்போது மாற்றப்படும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

கும்பஸ், சிறை, நீர்வாசல், மசூதி இவற்றுக்குச் சீட்டு இல்லை.

தரியா தௌலத்தில் எதைப் பார்க்க வேண்டும்? வெளியே பச்சைத் திரை மட்டும்தான் தெரிகிறது.

அந்தத் திரைக்குப் பின்னால்தான் எல்லாம் இருக்கிறது. 1784-ல் திப்பு கட்டிய கோடைமாளிகை, முழுக்கத் தேக்கு. வெயில் பட்டால் சுவர் ஓவியம் வெளுத்துவிடும் என்று திரை போட்டிருக்கிறார்கள். வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். பலர் அந்த இரண்டு நிமிடத்துக்குள் மாளிகையையே சுற்றி வெளியே வந்துவிடுகிறார்கள். உள்ளே படம் எடுக்க விடுவதில்லை.

நேராக மேற்குச் சுவருக்குப் போங்கள். புள்ளலூர்ப் போர் அங்கே விரிந்து கிடக்கிறது. நடுவில் சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்க, அந்தச் சதுரத்துக்குள் பல்லக்கில் பெய்லி. நாலாபுறமும் குதிரைகள் நெருக்குகின்றன. வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பிடித்து வெடிக்கிறது, போரின் போக்கை மாற்றிய கணம் அது. பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிறார். திப்புவைத் தேட வேண்டாம், அத்தனை களேபரத்திலும் அலட்டிக்கொள்ளாமல் குதிரையில் வருபவர் அவர்தான். ஓவியனின் குறும்பு இன்னொன்று உண்டு: தாமதமாக வந்து சேரும் ஹைதராபாத் நிஜாம் படையின் பக்கம் ஒரு பசுவும் ஒரு காட்டுப்பன்றியும் வரைந்து கிண்டல் செய்திருக்கிறான்.

கிழக்குச் சுவரில் அந்தக் கால அரசர்கள் அடுக்கடுக்காக. ஆற்காட்டு நவாப் முகமது அலியையும் தஞ்சாவூர் ராஜாவையும் தேடிப் பாருங்கள்.

இன்று நீங்கள் பார்ப்பது முழுக்க முதல் தூரிகை அல்ல. 1799-க்குப் பிறகு இங்கே குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லிங்டன் பிரபு, ஓவியங்களைச் சீர்செய்ய வைத்தார். பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் மறுபடி தீட்டப்பட்டது. தோற்றவர்களே தங்கள் தோல்வியைக் காசு கொடுத்துப் புதுப்பித்த ஓவியம் வேறெங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

திப்புவின் புலி பொம்மை இங்கே இருக்கிறதா?

இல்லை. ஆங்கிலச் சிப்பாயைக் கடிக்கும் அந்த மரப்புலி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1799 கொள்ளையில் போனது.

கும்பஸில் நடந்துகொள்ளும் முறை என்ன?

காலணியை வெளியே விட வேண்டும், தலையை மறைத்துக்கொண்டால் மரியாதை, உரக்கப் பேசக் கூடாது. உள்ளே ஹைதர் அலி, திப்புவின் தாய், திப்பு என மூவரின் கல்லறைகள். ஹைதர் 1782-ல் இறந்தபோது திப்பு கட்டத் தொடங்கியது. 1799 மே 5 மாலை திப்புவே இங்கு கொண்டுவரப்பட்டார்.

சுற்றியுள்ள 36 கருங்கல் தூண்களைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி போல முகம் தெரியும் வழவழப்பு. உள்சுவரில் புலிவரி ஓவியம். தந்தம் பதித்த கருங்காலிக் கதவுகள் டல்ஹவுசி கொடுத்தவை. மதிய வெயிலில் வெறுங்காலோடு கல்தளத்தில் நடப்பது சிரமம், ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

இந்தத் தோட்டத்துக்கு லால்பாக் என்று பெயர். இங்கே திப்புவின் இன்னொரு அரண்மனை இருந்தது. அதைப் பிரித்தெடுத்த தேக்கு உத்தரங்கள் மலையேறி ஊட்டிக்குப் போயின. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் 1829-ல் கட்டத் தொடங்கியபோது அந்த மரம்தான் கூரையைத் தாங்கியது. ஊட்டிக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

சங்கமத்தில் குளிக்கலாமா? பரிசல் உண்டா?

பார்க்கலாம், கால் நனைக்கலாம். நீந்தாதீர்கள். இரண்டு கிளையும் மோதும் இடத்தில் மேல்பரப்பு அமைதியாக இருக்கும், அடியில் பாறைக்குழியும் சுழலும். இன்னொரு காரணம், மேலே கண்ணம்பாடி என்கிற கிருஷ்ணராஜ சாகர் அணை சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அணையில் மதகைத் தூக்கினால் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். பரிசல் ஓடினால் லைஃப் ஜாக்கெட் போட்டு ஏறுங்கள், பரிசலைச் சுழற்றிக் காட்டச் சொல்லி ஓட்டியை வற்புறுத்த வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்கள் கிளம்பும் முன்பு அணை நிலவரத்தைச் செய்தியில் பாருங்கள். முழு நீர்மட்டம் 124.80 அடி. அதை நெருங்கிவிட்டது, வரத்து பெருகுகிறது என்று படித்தால் சங்கமம், நிமிஷாம்பா படித்துறை, ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயப் படகு மூன்றையும் மூடியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது என்று நம் ஊரில் சந்தோஷப்படும் அதே நாட்கள்தான்.

வெல்லெஸ்லி பாலம் பார்க்கத் தகுந்ததா?

பத்து நிமிடத்துக்குத் தகும். மைசூர் திவான் பூர்ணையா 1804-ல் வடக்குக் கிளையின் மேல் கட்டியது. வளைவே கிடையாது. கல்தூணின் மேல் கல் தாங்கி, அதன்மேல் கல் உத்தரம், நம் கோயில் மண்டபம் கட்டும் முறையிலேயே ஆற்றைத் தாண்டியிருக்கிறார்கள். பெயர் ஆர்தருடையது அல்ல, அவர் அண்ணன் கவர்னர் ஜெனரலுடையது.

அஸ்தி கரைக்கும் இடம் எது?

பஸ்சிமவாகினி. மைசூர்ப் பக்கம் தெற்குக் கிளை சிறிது தூரம் மேற்கு நோக்கித் திரும்பி ஓடும் படித்துறை. காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-ல் இங்கே கரைக்கப்பட்டது. சுற்றுலாவாக வருபவர்கள் படம் எடுக்கப் போகவேண்டிய இடம் அல்ல.

ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஏதாவது ஒன்றை விட வேண்டும். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். பறவையியலாளர் சாலிம் அலி சொல்லி 1940-ல் சரணாலயமானது, 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. டிசம்பர் முதல் மே வரை கூடுகள் நிறைந்திருக்கும்: மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா. பாறை மேல் வாயைத் திறந்து வெயில் காயும் முதலைகளும் படகுக்கு வெகு அருகில். காலை முதல் படகில் போய்விட்டு 10 மணிக்கு ஊருக்குள் வந்தால், கோயிலையும் தரியா தௌலத்தையும் கும்பஸையும் முடிக்கலாம். ஞாயிறு பிற்பகலில் படகுக்கு நிற்கும் வரிசை மணிக்கணக்கு, அந்த நேரத்தில் போகவே வேண்டாம்.

சாப்பாடு?

இட்லி, தோசை, மசால் தோசைக்குப் பஞ்சமில்லை. சாம்பாரில் வெல்லம் இருக்கும், குறை சொல்லாதீர்கள், இது கரும்பு விளையும் மண்டியா மாவட்டம். அசைவம் வேண்டுபவர்கள் நெடுஞ்சாலைப் பக்கத்து மிலிட்டரி ஹோட்டலில் ராகி முத்தேயும் (களி உருண்டை) ஆட்டுக்கறிச் சாறும் கேளுங்கள். முத்தேயை மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு, இதென்ன சாப்பாடு என்று தோன்றிவிடும்.

மத்தூர் வடை ஆசை இருந்தால் ரயிலில் வாருங்கள். ரவையும் அரிசிமாவும் மைதாவும் வெங்காயமும் சேர்த்துத் தட்டையாகச் சுட்டது, பெட்டிக்குள்ளேயே கூவி விற்பார்கள். விரைவுச்சாலை மத்தூர் ஊரைத் தொடாமல் போவதால் காரில் வருபவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

மாலையில் கிளம்பி அன்றிரவே தமிழ்நாட்டுக்குத் திரும்ப முடியுமா?

சென்னை, பெங்களூர்ப் பக்கம் என்றால் முடியும். கோவை, ஈரோடு, நீலகிரிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சத்தியமங்கலம் காட்டில் திம்பம் பாதையும், பந்திப்பூர்–முதுமலைப் பாதையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சாமராஜநகர் வழியாகத் திம்பத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, மைசூர் மாலை நெரிசலில் இன்னும் அரை மணி போகும். 4.30-க்குள் வண்டியை எடுங்கள். அப்படியானால் சங்கமத்தை விட்டுவிட்டு, கும்பஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கூடலூர் வழியாக ஊட்டிக்கு ஏறுபவர்கள் நீலகிரி இ-பாஸையும் பகலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.